படுக்கை நாள் பிறந்த கதை

புதிய அரசு மருத்துவமனை திறக்கும்போது ‘500 படுக்கை வசதி கொண்டது’ என்று கல்வெட்டில் செதுக்குவார்கள். கட்டிலை எண்ணிச் சொல்வது சுலபம். ஆண்டுக்கு எத்தனை பேர் அதில் படுத்து எழுந்து வீடு போவார்கள் என்பதை அந்தக் கல்வெட்டு சொல்லாது. அதற்குக் கட்டிலை நாளால் பெருக்க வேண்டும். இவ்வளவு எளிய கணக்குக்காக லண்டனில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. அதில் மாட்டிக்கொண்டவர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்.

நாம் அவரைக் கைவிளக்கேந்திய காரிகையாகவே படித்திருக்கிறோம். கிரிமியப் போரிலிருந்து திரும்பிய பிறகு அவர் கையில் விளக்கைவிட அட்டவணைதான் அதிகம் இருந்தது. அந்தக் காலத்து மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குக் கணக்கு எழுதின. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை. 1860இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டுக்கு அவர் ஒரு பொதுப் படிவத்தை அனுப்பினார். ஆண்டின் முதல் நாள் உள்ளே இருந்தவர்கள், சேர்ந்தவர்கள், குணமாகிப் போனவர்கள், குணமாகாமல் போனவர்கள், இறந்தவர்கள், கடைசி நாள் மிச்சம் இருப்பவர்கள். கூடவே, ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்கினார் என்ற கட்டமும் இருந்தது. நம் கதைக்கு வித்து அந்தக் கடைசிக் கட்டம்தான்.

விதைத்தவரே அதை ஒருமுறை மறந்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. மருத்துவமனைகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் மூன்றாம் பதிப்பு 1863இல் வந்தது. அதில் அவருடைய நண்பர், பதிவாளர் அலுவலகப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் தயாரித்த அட்டவணை ஒன்று. 1861ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏப்ரல் 8 அன்று லண்டனின் 24 மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகள் 4,214 பேர். அந்த ஆண்டில் அங்கே இறந்தவர்கள் 3,828 பேர். ஆக, இறப்பு 90.84 சதவீதம்! வெளியூர் மாவட்ட மருத்துவமனைகளில் 39.41தான்.

டாக்டர்கள் கொதித்துப்போனார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செத்தால் எவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பான்? இறந்தவர்களை ஆண்டு முழுக்க எண்ணிவிட்டு, இருந்தவர்களை ஒரே நாளில் எண்ணியதுதான் கோளாறு. ஒரு படுக்கையில் ஆண்டுக்குப் பத்துப் பேர் வந்துபோனார்கள் என்று வைத்துக்கொண்டால், உள்ளே வந்தவர்கள் 42,000க்கு மேல். இறப்பு 9 சதவீதமாகச் சுருங்கிவிடும். லண்டனுக்கு முற்றிய நோய்கள் வந்தன என்பதும் அவர்கள் வாதம்.

ஃபார் அசடு இல்லை. ஆள் கணக்கு வேறு, கால அளவில் போடும் கணக்கு வேறு என்பது அவருக்கு எப்போதோ தெரியும். இரண்டுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. ஆனால் ‘சதவீதம்’ என்று போட்டுவிட்டால் படிப்பவர் தலையைத்தானே எண்ணுவார்? என் கட்சி டாக்டர்கள் பக்கம்தான். ஆனாலும் அந்தத் தப்பான அட்டவணை ஒரு நல்ல காரியம் செய்தது: ஒரு படுக்கை என்பது ஒரு நோயாளி அல்ல என்று எல்லோரையும் பேச வைத்தது.

ஒரு கட்டில், ஒரு நாள்: அதுதான் ஒரு படுக்கை நாள். நூறு படுக்கைக்கு ஆண்டுக்கு 36,500 படுக்கை நாள். சராசரியாக ஐந்து நாள் தங்கினால் 7,300 பேர். பத்து நாள் என்றால் 3,650 பேர்தான். இரண்டிலும் வார்டு ஒரேபோல நிரம்பித்தான் தெரியும். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 1987-88இல் சுமார் 2,99,000 படுக்கைகள் இருந்தன. 2019-20இல் சுமார் 1,41,000. மனநல விடுதிகளை மூடியது ஒரு காரணம். மற்றது, தங்கும் நாள் குறைந்ததும், காலையில் வந்து மாலையில் வீடு போகும் அறுவை சிகிச்சைகள் பெருகியதும். பாதிக் கட்டில் போயும் கூடுதல் பேரைப் பார்க்க முடிந்தது.

கட்டிலைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 1999இல் பேகஸ்ட் என்பவரும் சகாக்களும் கணினியில் ஒரு கற்பனை மருத்துவமனையை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 85 சதவீதம் நிரம்பியதும் அவசர நோயாளிக்கு இடமில்லாத ஆபத்து தலைகாட்டியது. 90ஐத் தொட்டபோது அடிக்கடி கட்டில் பற்றாக்குறை, அவ்வப்போது நெருக்கடி. இதிலும் தங்கும் நாள், அவசரக் கூட்டம் என்று எத்தனையோ நிபந்தனைகள் உண்டு. நிர்வாகிகளோ நிபந்தனையை உதறிவிட்டு 85ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

ஃபார் ஒரு நாளில் எண்ணியது போலவே, இன்றும் பல ஊர்களில் நள்ளிரவில்தான் தலையை எண்ணுகிறார்கள். காலையில் வந்து மாலையில் போனவர் அந்தக் கணக்கில் இல்லை. நம் அரசு மருத்துவமனைகளில் தரையில் பாய் விரித்துப் படுத்தவரோ கணக்கில் உண்டு. வகுக்கும் எண் மட்டும் அரசாணையில் உள்ள கட்டில்தான். 100 சதவீதத்தைத் தாண்டிய நிரம்பல் அப்படித்தான் வருகிறது.