கொழுத்து வளர்ந்த மலட்டு எலிகள்

வைட்டமின் ஏ என்றதும் நமக்கு கண்ணும் கேரட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1925-லேயே பாஸ்டனில் வோல்பாக், ஹோவ் என்ற இருவர், இந்தச் சத்து கிடைக்காத ஆண் எலிகளின் விரைகள் சுருங்கிப்போவதைப் பதிவு செய்துவிட்டார்கள். சத்து இல்லேன்னா உடம்பே வாடும், அதுல விரையும் வாடுது, அவ்வளவுதானே என்று யாரும் கேட்கலாம்.

பதில் 1964-ல் இங்கிலாந்திலிருந்து வந்தது. தாம்சன், ஹோவெல், பிட் மூவரும் எலிகளுக்கு வைட்டமின் ஏ தராமல், அதிலிருந்து உடம்பு தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் கொடுத்தார்கள். எலிகள் நன்றாகக் கொழுத்து வளர்ந்தன. ஆனால் பார்வை போனது. ஆணிடம் விந்தணு உருவாகவில்லை. பெண் சினைப்பட்டும் கரு தங்கவில்லை. ஆக, இது வெறும் உடல் வாட்டம் இல்லை.

பார்வை போனதுக்குக் காரணம் எளிது: அந்த அமிலத்தைத் திரும்ப வைட்டமினாக மாற்ற உடம்பால் முடியாது. அப்போ விரைக்கும் வைட்டமினேதான் வேணுமா? அப்படித்தான் ரொம்ப நாள் தோன்றியது. 1991-ல் நெதர்லாந்தின் வான் பெல்ட், டி ரோய் இருவரும் அதே அமிலத்தை அதிக அளவில், திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, நின்றுபோன விந்தணு உற்பத்தி மறுபடி ஓடியது. விரைக்கும் தேவை அமிலம்தான். வழக்கமாக விரை அதை உள்ளேயே வைட்டமினிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. தீவனத்தில் வந்தது போதுமான அளவு அங்கே போய்ச் சேரவில்லை. எங்க மென்பொருள் பாஷையில், கோடு சரி, டெலிவரிதான் சொதப்பல்.

2006-ல் இரண்டு குழுக்கள், எலிக்கருவின் சூலகத்தில் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கிவைப்பதும் இதே அமிலம் என்றன. 2020-ல் அமிலத்தின் ஏற்பிகளை நீக்கிய சுண்டெலிகளிலும் அந்தப் பிரிவு நடந்தது. அந்த வழக்கு இன்னும் முடியலை.