கொழுந்தனைக் கட்டினால் குற்றமில்லை

ஒவ்வொரு நவம்பரிலும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போகிறேன். திருநீர்மலைக்கு மருமகளாக வந்தவர். ராணுவ ஹவில்தாரின் மனைவி. கணவர் இறந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. உயிர்வாழ் சான்றுக்கான படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: மறுமணம் செய்துகொண்டீர்களா? "எழுபது வயசுல எவன்டி வரப்போறான்?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவருடைய சர்க்கரை மாத்திரையும் அந்தப் பதிலோடு சேர்ந்ததுதான்.

முன்பெல்லாம் ஓய்வுபெற்ற படைவீரர் குடும்பங்கள் ராணுவ மருத்துவமனையில் படுக்கை மிச்சமிருந்தால்தான் சேர முடியும். 2003 ஏப்ரல் 1 அன்று இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் வந்தது. ஓய்வு பெறும்போது ஒரு தொகை கட்டி உறுப்பினராக வேண்டும். போரில் கணவரை இழந்தவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஆனால் கணவரை இழந்த பெண் இத்திட்டத்துக்குள் வருவது குடும்ப ஓய்வூதியம் பெறுபவர் என்ற தகுதியில். அந்த ஓய்வூதியமோ அவருடைய மணநிலையைக் கேட்கிறது.

வீர விருதுகளில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் உயிரிழந்தார். 2015 குடியரசு தினத்தன்று அவருக்கான அசோக சக்கரத்தை மனைவி பெற்றுக்கொண்டதை நாடே பார்த்தது. இத்தகைய விருதுகளோடு மாதத் தொகை ஒன்றும் உண்டு. வீரர் இறந்தபின் அது மனைவிக்கு வரும். மறுமணம் செய்தால் நின்றுவிடும். ஒரே விதிவிலக்கு, இறந்தவரின் சகோதரனை மணந்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு உரிய வாரிசுடன் கூட்டாக வாழ்வது.

அண்ணியைத் தாய்க்குச் சமமென்று சொல்லும் நம் ஊரில் இந்த விதி விநோதமாகத் தெரியும். வடக்கே, காலனிய காலப் பஞ்சாபில், இதற்குக் கரேவா என்று பெயர். விதவைக்குரிய நிலம் புகுந்த வீட்டைவிட்டுப் போகாமலிருக்க அவளைக் கொழுந்தனுக்குக் கட்டிவைப்பார்கள். படைக்கு ஆள் தரும் விவசாயக் குடும்பங்கள் குலையக்கூடாதென்று ஆங்கிலேய அதிகாரிகள் அதற்கு ஆதரவாக நின்றதை வரலாற்றாசிரியர் பிரேம் சௌத்ரி விரிவாக எழுதியிருக்கிறார். விருதுத் தொகைக்கான நிபந்தனையில் எனக்குக் கேட்பது அந்தக் குரல்தான். பணம் பெண்ணுக்கு அல்ல, கணவன் வீட்டுக்கு.

2017 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. யாரை மணந்தாலும் இறக்கும்வரை தொகை உண்டு. பெண் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்தாலும் வீரரின் தியாகம் குறைந்துவிடாது என்பதை ஏற்க, சுதந்திரத்துக்குப் பின் எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

விருதுக்கு ஒப்புக்கொண்டதை ஓய்வூதியத்துக்கும் மருந்துக்கும் ஏன் முழுமையாக ஒப்புக்கொள்ளக் கூடாது? உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டிக்கோ அத்தைக்கோ இந்தப் படிவத்தை நீங்கள் நிரப்பிக்கொண்டிருக்கலாம். அடுத்த நவம்பரில் அந்தக் கேள்வியை அவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்.