மண்ணும் மின்னும்: புவித்தொடுப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மின்னியலின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மின்விளக்கு, மின்பிறப்பாக்கி, மின்மோட்டர் என்பன அதிற் சிறப்பிடம் பெறுகின்றன. ஆயின், வீட்டுச் சுவரோரத்தில் மண்ணுட் புதைந்து கிடக்கும் செம்புக் கோலுக்கு அவ்வரலாற்றில் இடம் அளிக்கப்படுவதில்லை. அக்கோலின் வரலாறு மனித உயிருக்குச் சமுதாயம் அளித்த மதிப்பின் வரலாறுமாகும்.

மண்ணுக்கு மின்னியலில் முதன்முதற் கிடைத்த பணி இடியிலிருந்து காத்தலாகும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெஞ்சமின் பிராங்கிளின் இடிதாங்கியை உலகுக்கு அளித்தார். கூரைக்கு மேல் நின்ற இரும்புக் கோல் ஈரமண்வரை தொடர்ந்து செல்லல் வேண்டுமென்பது அவர் வகுத்த முறை. இதன் உண்மை 1753இல் துயரமான வகையிற் புலனாயிற்று. சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் இடிமின்னை அளக்க முயன்ற அறிஞர் றிச்மன், தமது கோலை மண்ணுடன் தொடுக்காது அறையினுட் கொணர்ந்திருந்தார். மின்னல் அவர் உடல் வழியே பாய்ந்தது. அவர் அவ்விடத்திலேயே மாண்டார்.

மண்ணின் இரண்டாவது பணி வேறுபட்டது. 1838இல் பவேரியாவைச் சேர்ந்த ஸ்ரைன்ஹைல், நூரன்பேர்க் - ஃபுயர்த் இருப்புப்பாதையின் தண்டவாளங்களைத் தந்திக் கம்பிகளாகப் பயன்படுத்த முயன்றார். முயற்சி தோல்வியுற்றது. எனினும், மின்னோட்டம் திரும்பிவருவதற்குத் தனிக் கம்பி வேண்டியதில்லை, மண்ணே போதும் என்ற உண்மை அத்தோல்வியிலிருந்தே பிறந்தது. தந்திக் குழுமங்களுக்குக் கம்பிச் செலவு பாதியாகக் குறைந்தது. காவலனாயிருந்த மண் இப்போது கடத்தியாயிற்று.

மின்விளக்கு வீடுகளுட் புகுந்தபோது எழுந்த முதல் அச்சம் தீ பற்றியதே. 1882இல் இலண்டனில் தந்திப் பொறியியலாளர், மின்னியலாளர் சங்கம் வெளியிட்ட விதிகளின் தலைப்பே மின்விளக்கினால் நேரும் தீயபாயத்தைத் தடுத்தல் பற்றியதாகும். காப்புறுதி செய்யப்பட்ட கட்டிடமே அன்று முதற்கண் காக்கப்பட வேண்டிய பொருளாகக் கருதப்பட்டது. 1924இல் அவ்விதிகளின் தலைப்பு மாறி, கட்டிடங்களின் மின்சாதனங்களுக்கான விதிகள் என்றாயிற்று. மனிதவுடல் பற்றிய கரிசனை படிப்படியாகவே வளர்ந்தது.

மின்கருவியின் உலோக உறையைப் புவியுடன் தொடுத்துவிட்டால் உருகி எரிந்து ஆபத்து நீங்கும் என்பது அக்கால நம்பிக்கை. ஒரு சிறு கணக்கு இந்நம்பிக்கையின் எல்லையைக் காட்டும். தோட்டத்துக் கொட்டகையொன்றில் உயிர்க்கம்பி அறுந்து கருவியின் உறையைத் தொடுகின்றதெனக் கொள்வோம். புவிக்கோலையும் மண்ணையும் உள்ளடக்கிய பாதையின் தடை 20 ஓம் எனின், 230 வோல்ற்றில் 11.5 அம்பியர் மட்டுமே பாயும். 13 அம்பியர் உருகி இதனால் எரியாது. உறையோ கொல்லும் அழுத்தத்திலேயே நிற்கும். கொட்டகையில் நிற்பவரின் காலடியில் ஈரமண். கையில் உலோகக் கருவி. எனவே, விதிகள் வீட்டு வரவேற்பறையைக் காத்த அளவுக்குத் தோட்டத்திற் பணிபுரிபவரைக் காக்கவில்லை.

இக்குறையை நீக்கும் வழி தென்னாபிரிக்கச் சுரங்கத் துறையிலிருந்து வந்தது. 1955இல் ஹென்றி ரூபின் ஆழ்ந்த பொற்சுரங்கங்களுக்கென நுண்ணிய புவிக்கசிவுக் காப்பு முறையொன்றை உருவாக்கினார். உயிர்க்கம்பி வழியே செல்லும் ஓட்டமும் நொதுமற்கம்பி வழியே மீளும் ஓட்டமும் சமமாதல் வேண்டும். சமமாகாவிடின் எஞ்சியது எங்கோ கசிகின்றது என்பதே தத்துவம். முதற் கருவி 250 மில்லியம்பியரில் இயங்கியது. விரைவிலேயே 20 மில்லியம்பியரளவில் இயங்குவதும் உருவாகி, ஸ்ரில்பொன்ரெயின் சுரங்கக் குடியிருப்பின் வீடுகளிற் பொருத்தப்பட்டது. கலிபோர்னியாவிற் பேராசிரியர் சாள்ஸ் டல்சீல் மனிதவுடல் தாங்கக்கூடிய ஓட்டத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1961இல் 5 மில்லியம்பியரில் இயங்கும் கருவியை அமைத்தார். இதன் பின்னரே அளவுகோல் மாறிற்று. கம்பி எவ்வளவு ஓட்டத்தைத் தாங்கும் என்ற வினாவின் அருகே, இதயம் எவ்வளவைத் தாங்கும் என்ற வினாவும் வைக்கப்பட்டது.

மண்ணின் வரலாறு இத்துடன் முடியவில்லை. பிரித்தானியாவில் நொதுமற்கம்பியையே புவித்தொடுப்பாகவும் பயன்படுத்தும் வழங்கல் முறை பரவியது. அது சிக்கனமானது; வீட்டினுள் உலோகப் பகுதிகள் யாவும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலும் பாதுகாப்பானதும் ஆகும். ஆயின், வீதியில் அந்நொதுமற்கம்பி அறுந்தால், புவியுடன் தொடுக்கப்பட்டதாகக் கருதப்படும் உலோகமனைத்தும் மின்னேற்றம் பெறும். வீட்டினுள் நிற்பவர் அதே அழுத்தத்தினுள் நிற்கின்றார். கொட்டகையில் நிற்பவரோ மெய்யான மண்ணில் நின்று பொய்யான புவியைத் தொடுகின்றார். ஆகவேதான், ஈரநிலத்திற் பல உலோகப் பகுதிகளுடன் அமைந்த கொட்டகைக்கு வீட்டின் புவிக்கம்பியை நீட்டாது, தனிக் கோல் நாட்டி, 30 மில்லியம்பியர் மீதியோட்டச் சுற்றுடைப்பானும் அமைத்தல் தக்கதெனக் கொள்ளப்படுகின்றது. கோலின் தடை சிறிது கூடினும் தீங்கில்லை. உருகி எரிவதற்கு வேண்டிய பேரோட்டம் இச்சுற்றுடைப்பானுக்கு வேண்டியதில்லை.

இலங்கையின் மின்நிறுவல் மரபு பிரித்தானிய விதிகளின் வழிவந்ததாகும். நம் வீடுகளில் ரிப் சுவிச் என வழங்கும் சிறு பெட்டியில், றிச்மனின் மரணமும் சுரங்கத் தொழிலாளரின் ஆபத்தும் கற்பித்த பாடங்கள் அடங்கியுள்ளன. ஆயினும், கிணற்றடி நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் மின் கொண்டுசெல்லும்போது, பிரதான வீட்டுக்குக் காட்டும் கவனம் எங்கும் காட்டப்படுகின்றது எனக் கூறுதல் அரிது. அவ்விடங்களில் வெறுங்காலுடன் நிற்பவரே ஈரமண்ணுக்கு மிக அண்மையில் நிற்பவர். ஒரு விதியின் தகைமையை அவர் நிற்குமிடத்தில் வைத்தே மதிப்பிடல் வேண்டும்.