எகிப்தியரின் வருகைப் பதிவேடு

பண்டைய எகிப்தியர் என்றதும் மாணவர்கள் பிரமிடுகளையே கூறுவர். என் நெஞ்சில் நிற்பதோ பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. அது ஏறத்தாழ கி.மு. 1250இல், இரண்டாம் ராம்செஸ் மன்னனின் 40ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட வருகைப் பதிவேடு. டெய்ர் எல்-மதீனா எனும் சிற்றூரில் வாழ்ந்து, அரசர்களுக்குக் கல்லறை குடைந்த தொழிலாளர்களுடையது.

வராதோர் பெயருக்கு நேரே நாள்கள் கறுப்பு மையிலும் காரணங்கள் சிவப்பு மையிலும் உள்ளன: நோய், தேள்கடி, இறந்த தாயின் உடலைத் துணியால் சுற்றுதல்.

ஒருமுறை, மூன்று நாள் வராத மாணவியைக் கடிந்துகொண்டேன். அவளுடைய பாட்டி இறந்ததைப் பிறகே அறிந்தேன். என் பதிவேட்டில் வெறும் குறிகளே இருந்தன. ஆசிரியர்களே, பெற்றோர்களே, 3,200 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் எழுத்தர் காரணம் கேட்டு எழுதினார். நாமும் கேட்போம்.