கிள்ளான் காய்ச்சலும் கணக்கும்

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் வினைக்கு இரு பொருள் உண்டு. ஒன்று கணக்கிடுதல், மற்றொன்று சிந்தித்தல். மொழியியலில் பல்லாண்டு உழன்ற நாம் இன்று மருத்துவ வரலாறு ஒன்றைப் பேச முற்பட்டமைக்கு இச்சொல்லே தூண்டுதல். மலாயாவில் மலேரியாவை எதிர்த்து நடந்த முயற்சியில் அவ்விரு பொருளும் ஒன்றையொன்று தேடி நின்றன. அங்கே எண்ணப்பட்டோருள் தோட்டத் தமிழர்தம் பிள்ளைகளும் இருந்தனர்.

1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், காய்ச்சல் கடுமையாகப் பரவியது. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் காட்டை அழித்துச் சதுப்பு நீரை வடிக்கச் செய்தார். 1905க்குள் கிள்ளானிலும் துறைமுகத்திலும் நோயாளிகளின் எண்ணிக்கை பெரிதும் வீழ்ந்தது. நோய் தானே தணிந்ததோ என ஐயுறுவோருக்கும் அவரிடம் விடை இருந்தது. வடிகால் வெட்டப்பெறாத சுற்றுப்பகுதிகளையும் அவர் தனியே கணக்கிட்டிருந்தார். ஆங்கே அத்தகைய வீழ்ச்சி இல்லை.

கொசு முழுவதையும் ஒழித்தல் இயலுமோ என்னும் வினா அக்காலத்தே வலுவாக எழுந்தது. 1907இல் மொரீசியசுத் தீவுக்குச் சென்று ஆய்ந்த ராஸ், அதற்குக் கணிதத்தால் விடை தந்தார். ஒரு கொசு நோயாளியைக் கடிக்க வேண்டும். கிருமி முதிரும்வரை உயிர்வாழ வேண்டும். பின்னர் வேறொருவரைக் கடிக்க வேண்டும். இவை யாவும் நிகழும் வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால், கொசுவின் அடர்த்தி ஓர் எல்லைக்குக் கீழே செல்லுமாயின் நோய் தானே தேய்ந்தொழியும் என்பது விளங்கும். இன்றைய தொற்றுநோய்க் கணித மாதிரிகள் பலவற்றின் வேர் இங்கே உள்ளது.

ஆயினும் கணிதம் நிலத்தை அறியாது. மருத்துவமனைப் பதிவேடு அங்கு வந்தோரை மட்டுமே காட்டும் என உணர்ந்த வாட்சன், தோட்டக் குடியிருப்புகளுக்கே சென்று பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கினால் மண்ணீரல் வீங்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வீக்கம் இருந்தது எனக் குறித்தார்.

அக்கணக்கு எதிர்பாராத செய்தி ஒன்றைத் தந்தது. சமநிலத்தில் காடழித்து வடிகால் வெட்டிய தோட்டங்களில் நோய் தணிந்தது. குன்றுப்பகுதித் தோட்டங்களிலோ அதே மருந்து பலிக்கவில்லை. சமநிலத்து அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் நிழற்சதுப்பில் பெருகுவது. குன்றுகளின் அனாபிலிஸ் மாகுலேட்டஸ் வெயில்படும் தெளிந்த ஓடையில் பெருகுவது. காட்டை அழித்தமை, ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டு அக்கொசுவுக்கே துணைபுரிந்தது. எனவே குன்றுகளில் ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்த வேண்டியதாயிற்று. பின்னர் நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தது.

சமநிலத்தையும் குன்றையும் கூட்டிச் சராசரி கண்டிருந்தால் இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும். வட்டார வழக்கை ஆராய்வோர் இதனை எளிதில் உணர்வர். ஊர்தோறும் கேட்டுக் குறிக்காமல், எல்லா ஊர்ப் பேச்சையும் ஒன்றாகக் கலந்து எழுதப்படும் இலக்கணம் எவ்வூருக்கும் உரியதாகாது.

அந்தப் பட்டியல்களில் பிள்ளைகளின் பெயர்கள் இல்லை, விழுக்காடுகளே உள்ளன. இழப்பென்றே அதனை நாம் கருதுகிறோம். எனினும் எவரும் எண்ணாதிருந்தால், குன்றுத் தோட்டப் பிள்ளைகளின் நோய் சமநிலத்து வெற்றிக்குள் புதைந்திருக்கும். இன்று டெங்கிக் காய்ச்சலுக்குக் கணினியால் மாதிரி வகுக்கும் நம் இளைஞர்கள், கணக்கிட்டபின் அக்கணக்கு எந்த மண்ணுக்கு உரியது என்பதையும் சிந்திப்பார்களாக. எண்ணுதல் என்னும் சொல் அப்போதே நிறைவு பெறும்.