செப்பு வில்லை

பழநிக்குப் போனவன் பஞ்சாமிர்தம் வாங்காமல் திரும்பினேன் என்றால் வீட்டில் யாராவது நம்புவார்களா? போர்க்கப்பலைப் பார்க்கப் போகிறவன் கதையும் அப்படித்தான். நான் சற்று முந்திக்கொண்டேன். கப்பலைப் பார்ப்பதற்கு முதல் நாளே, பழம்பொருள் கடை ஒன்றில் செப்பு வில்லை ஒன்றை வாங்கிவிட்டேன். ஒரு பக்கம் கப்பல். மறு பக்கம் நெல்சனின் பெயர், கூடவே 'ஃபூட்ராயன்ட்' என்று ஒரு கப்பலின் பெயர். நெல்சன் பெயரைக் கண்டதும் பேரம்கூடப் பேசாமல் பணத்தை நீட்டிய அசடு நான்.

நான் பார்க்கப் போன கப்பல் அதுவல்ல. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கும் 'டிரிங்கோமலி.' நம் திருகோணமலைதான்! அந்தப் பெயர் மட்டும் இல்லாவிட்டால் அவ்வளவு குளிரில் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன்.

1782-ல் திருகோணமலைக்கு வெளியே கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். சில நாள் முன்புதான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அந்தத் துறைமுகத்தைப் பிடித்திருந்தார். அன்றைய சண்டையில் ஆங்கிலேயரால் அதை மீட்க முடியவில்லை. மீட்க முடியாத ஊரின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்களே, அதுவும் ஒரு வீரந்தான்!

கப்பலைக் கட்டியது பம்பாயில். அதன் வரைபடங்களை ஏற்றி வந்த 'ஜாவா' கப்பல் 1812-ல் அமெரிக்கரிடம் சிக்கி அழிந்துபோயிற்று. மறுபடியும் படங்கள் வந்து சேர்ந்தபின், வாடியா குடும்பத்துப் பார்சி நிபுணர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி மலையாளக் கரைத் தேக்கைக் கொண்டு கட்டி முடித்தார். 1817 அக்டோபர் 12-ல் கப்பல் நீரில் இறங்கியது. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பாணியை அரித்துவிடும்; தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். இன்று மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதைவிடப் பழையது வேறில்லை என்றால், அதில் நம் காட்டு மரத்துக்கும் பங்குண்டு. கீழ்த்தட்டில் குனிந்து நடக்கும்போது ஒரு விட்டத்தைத் தடவிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பழைய ஊஞ்சற்பலகை ஞாபகம் வந்தது.

என் வில்லையின் வரலாறும் அங்கேதான் தெரிந்தது. 'ஃபூட்ராயன்ட்' 1798-ல் நீரில் இறங்கிய கப்பல். நெல்சனின் கொடி அதில் பறந்ததுண்டு. வயதான காலத்தில் அதை உடைக்க விற்றுவிட்டார்கள். ஊரெல்லாம் கூச்சல் எழுந்தது. வீட்லி காப் என்ற செல்வர் அதை மீட்டுப் பெரும் பணம் செலவழித்துப் புதுப்பித்தார். போட்ட பணத்தைத் தேற்ற வேண்டாமா? கடற்கரை ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். 1897 ஜூன் 16-ல் பிளாக்பூல் கரையில் புயல் வந்தது. நங்கூரம் நிற்கவில்லை, கப்பல் மணலில் மோதி உடைந்தது. மரம் நாற்காலியும் பெட்டியுமாயிற்று, செம்பு வில்லைகளாயிற்று. அதில் ஒன்றுதான் என் சட்டைப்பையில் இருந்தது!

வில்லையில் இல்லாத செய்தியும் ஒன்றுண்டு. 1799-ல் நேப்பிள்ஸ் கடற்படைத் தலைவர் கரச்சியோலோவை இந்தக் கப்பலில்தான் அவசர அவசரமாக விசாரித்தார்கள். பிறகு வேறொரு கப்பலின் பாய்மரத்தில் தூக்கிலிட்டார்கள். நெல்சன் புகழில் அது ஒரு கறை. ஞாபகார்த்தப் பொருளில் கறையை யார் பொறிக்கப் போகிறார்கள்?

அதே 1897-ல் 'டிரிங்கோமலி'யும் உடைப்பவர் கைக்குப் போயிருந்தது. காப் அதை வாங்கி, இழந்த கப்பலின் நினைவாக 'ஃபூட்ராயன்ட்' என்று பெயர் மாற்றினார். சிறுவர்களுக்குக் கடற்பயிற்சி அளிக்கும் கப்பலாக அது 1986 வரை உழைத்தது. 1987-ல் ஹார்ட்டில்பூலுக்கு வந்தது. 1990-ல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2001-ல்தான் முடிந்தது. இடையில் 1992-ல் பழைய பெயர் திரும்பிற்று. ஏறக்குறைய 90 ஆண்டு இரவல் பெயர்! காப் மட்டும் வாங்கியிராவிட்டால் இதுவும் நாற்காலியாகியிருக்கும் என்பதால் அவரைக் கோபிக்கவும் மனம் வரவில்லை.

வெளியே வரும்போது கடையில் கப்பலின் படம் போட்ட அட்டை ஒன்று வாங்கினேன். கல்லாவிலிருந்த அம்மாளிடம், "இந்த ஊரின் சரியான பெயர் திருகோணமலை" என்றேன். மூன்று முறை முயன்றார். மூன்றாவது தடவை 'மலை' மட்டும் சரியாக வந்தது. இருவரும் சிரித்தோம்.

இப்போது அந்த அட்டை என் மேஜைமேல் கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறக்காதிருக்க, அதன்மேல் வில்லையை வைத்திருந்தேன். நேற்றுத்தான் கவனித்தேன், வில்லை கப்பலின் பெயர்மேல் உட்கார்ந்திருந்தது. சற்றே தள்ளி வைத்தேன்.