டோஸ்டர் அட்டையும் அமிகாவின் வீழ்ச்சியும்

1990ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் டொபீகா நகரைச் சேர்ந்த நியூடெக் நிறுவனம் 'வீடியோ டோஸ்டர்' என்ற அட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொமடோர் அமிகா 2000 கணினிக்குள் அதைச் செருகினால் காட்சி மாற்றம், எழுத்துப் பொறிப்பு, முப்பரிமாணப் படம் என ஒரு சிறு தொலைக்காட்சி நிலையத்தின் வேலைகள் மேசை மேலேயே முடிந்தன.

அமிகா தேர்வானது தற்செயல் அல்ல. அதன் செயலி அமெரிக்கத் தொலைக்காட்சியின் வண்ண அலைவரிசையைப் போல் சரியாக இரு மடங்கு வேகத்தில், ஏறத்தாழ 7.16 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. அட்டையின் வலிமை அதுவே, தளையும் அதுவே. விஜிஏ திரைக்கென வடிவமைந்த ஐபிஎம் வகைக் கணினிகளில் அதைப் பொருத்த வழியில்லை. பால் (PAL) என்ற வேறு தொலைக்காட்சி முறையைப் பின்பற்றிய இந்தியாவுக்கும் அது நேரடியாகப் பயன்படவில்லை.

1994 ஏப்ரலில் அமிகாவைத் தயாரித்த கொமடோர் நிறுவனம் திவாலானது. மென்பொருள் எளிதாக இடம்பெயர்ந்தது: டோஸ்டருடன் வந்த லைட்வேவ் விண்டோஸுக்குப் போய் நிலைத்தது. வன்பொருளைத்தான் தூக்கிச்செல்ல முடியவில்லை. விண்டோஸ் என்டிக்கான டோஸ்டர் 1990களின் இறுதியில்தான், முற்றிலும் வேறொரு அட்டையாக வந்தது.

இந்தச் சிக்கலைத் தளர்த்தியது 1995இல் அறிமுகமான டிவி (DV) வகை டிஜிட்டல் கேமரா. படத்தைச் சுருக்கும் வேலை கேமராவுக்குள்ளேயே முடிந்ததால், ஃபயர்வயர் வடம் வழியே கோப்பை நகலெடுப்பதே கணினியின் பணியாயிற்று. ஃபயர்வயர் துளை இருந்தால் போதும், மேக்கா விண்டோஸா என்பது பெரிய கேள்வியாக இருக்கவில்லை. 2011இல் இன்டெல் தன் செயலிகளுக்குள்ளேயே காணொளியைச் சுருக்கும் குறியாக்கச் சுற்றைச் சேர்த்த பிறகு, தனி அட்டையின் தேவை பெரும்பாலானோருக்குக் குறைந்துவிட்டது.